பத்துக் கோழிக்கு எத்தனை சதுர அடி?

வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழி வளர்க்க வேண்டும். கூடு எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? இக்கேள்வியை உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேராவது ஒரு கோழியின் நீள அகலத்தை அளந்து பத்தால் பெருக்கிவிடுவார்கள். நாட்டுக்கோழி ஒன்று நிற்கும்போது ஏறத்தாழ ஒன்றேகால் அடி நீளமும் முக்கால் அடி அகலமும் இருக்கும். பெருக்கினால் ஒரு சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. பத்துக் கோழிக்குப் பத்துச் சதுர அடி. தாராளமாக இருக்கட்டும் என்று பதினாறு வைத்துக்கொள்ளலாம். கணக்கு முடிந்தது!

நானும் இப்படித்தான் கணக்கிட்டேன். கல்லூரியில் வெப்ப இயற்பியல் நடத்துகிறவன் நான் என்பதை வெட்கத்துடன் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

2019-ஆம் ஆண்டு கிராமத்திலிருந்து எங்களோடு தங்க வந்த என் அம்மா, ஒன்பது கோழிகளையும் ஒரு சேவலையும் உடன் கொண்டுவந்தார். ஊரில் இருந்தவரை அவற்றைத் திண்ணையில் பஞ்சாரம் போட்டு அடைப்பது வழக்கம். பஞ்சாரத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை: மூங்கில் சிம்பினால் இடைவெளி விட்டுப் பின்னிய பெரிய கூடை அது. அதைக் கோழிகளின் மேல் கவிழ்த்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் திண்ணை இல்லை. வந்த மூன்றாம் நாள் கொல்லையில் ஒரு கீரி தலை காட்டியது. உடனே நான் பொறியாளன் ஆகிவிட்டேன். 4 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். நான்கு பக்கமும் பிளைவுட், மேலே தகரம், இடுக்கே இல்லாமல் பொருந்தும் கதவு. காற்றுக்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு சன்னல். அதற்கும் கம்பி வலை.

அப்போது மே மாதம், கத்திரி வெயில். கூட்டைச் செய்து முடித்த சில நாட்களில் ஓர் இலைகூட அசையாத இரவு வந்தது. காலையில் கதவைத் திறந்தபோது இரண்டு கோழிகள் இறந்து கிடந்தன. மூன்றாவது, வாயைப் பிளந்தபடி சுவரோரம் சாய்ந்திருந்தது. பத்து மணிக்குள் அதுவும் போயிற்று. அம்மா கோபிக்கவில்லை. "இத்தனை வருசமாப் பஞ்சாரத்துல கவுத்தேன். மூச்சு முட்டி ஒரு கோழி செத்ததில்லப்பா" என்று மட்டும் சொன்னார்.

ஒரு கோழிக்கு 1.6 சதுர அடி இடம் இருந்தது. நெருக்கியடித்துக்கொண்டு அவை சாகவில்லை. பின் எதனால்?

கோழி ஓர் அடுப்பு

கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிட நான்கு டிகிரி அதிகம். தின்ற தானியத்தை எரித்துத்தான் இந்தச் சூட்டை அது காக்கிறது. எரிக்கும்போது உண்டாகும் வெப்பத்தை அவ்வப்போது வெளியேற்றியும் ஆகவேண்டும். முட்டையிடும் கோழி ஒன்று வெளியேற்றும் வெப்பம், ஒரு நாளின் சராசரியாகப் பார்த்தால், சுமார் 10 வாட். இரவில் தூங்கும்போது இது சற்றுக் குறையும். பத்துக் கோழிக்கு 100 வாட் என்று வையுங்கள். பழைய நாளைய 100 வாட் குண்டு பல்பை மூடிய பெட்டிக்குள் இரவு முழுதும் எரியவிட்டதற்கு இது சமம். நான் செய்த காரியம் இதுதான்.

பல்புக்கும் கோழிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. சூடு அதிகமானால் கோழி சும்மா இருக்காது. நமக்கு வியர்க்கிறது, வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. கோழிக்கோ வியர்வைச் சுரப்பிகள் இல்லை. உடல் முழுதும் இறகுப் போர்வை வேறு. கொண்டையும் தாடியும் இறகில்லாத பகுதிகள். அவற்றின் வழியே ஓரளவு வெப்பம் போகும். அதுவும் போதாதபோது சிறகை உடலிலிருந்து அகட்டி வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து வேகமாக மூச்சிரைக்கும். கோடை நண்பகலில் வேலியோர நிழலில் நிற்கும் கோழிகளைப் பாருங்கள், தெரியும். மூச்சுப் பாதையின் ஈரம் ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

நீர் ஆவியாவதற்கான உள்ளுறை வெப்பத்தை நீங்கள் படித்திருக்கிறீர்கள். உடல் வெப்பநிலையில் அது கிராமுக்குச் சுமார் 2400 ஜூல். 10 வாட் என்றால் ஒரு மணி நேரத்தில் 36,000 ஜூல். அவ்வளவையும் மூச்சின் வழியாகவே வெளியேற்றுவதானால் மணிக்கு 15 கிராம் நீரைக் கோழி ஆவியாக்க வேண்டும். இரவு நேரம், ஓய்வாக இருக்கிறது, மற்ற வழிகளிலும் கொஞ்சம் வெப்பம் போகிறது என்று குறைத்து, கோழிக்கு மணிக்கு 5 கிராம் என்றே கணக்கிடுவோம். பத்துக் கோழிக்கு 50 கிராம்.

அந்த ஆவி எங்கே போகும்? 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும்; அதற்கு மேல் தாங்காது. நினைவில் வைக்க எளிதான எண். கோடை இரவில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 21 கிராம் முன்பே அதில் இருக்கிறது. மீதி இடம் 9 கிராம். என் கூட்டின் கொள்ளளவு 64 கன அடி, அதாவது சுமார் 1.8 கன மீட்டர். எனவே அதிலிருந்த காற்று மொத்தமாகவே 16 கிராம் ஆவியைத்தான் ஏற்க முடியும். மணிக்கு 50 கிராம் வீதம் வந்தால் 16 கிராம் சேர எவ்வளவு நேரமாகும்? இருபது நிமிடத்துக்கும் குறைவு!

மாலை ஆறரை மணிக்குக் கோழிகளை அடைத்தேன். ஏழு மணிக்கு முன்பே அந்தக் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டது. ஈரம் நிறைந்த, மேலும் மேலும் சூடேறுகிற காற்றில் மூச்சிரைப்பின் பயன் குறைந்துகொண்டே போகும். இரைப்பதும் ஒரு வேலைதான். அதுவும் வெப்பத்தை உண்டாக்கும். விடியும்வரை இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது.

கூட்டை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்திருந்தால் தப்பியிருக்குமா என்று நீங்கள் கேட்கலாம். கொள்ளளவை இரட்டித்தால் இருபது நிமிடம் நாற்பது நிமிடம் ஆகும். அவ்வளவுதான் லாபம். அடைபட்ட காற்றை எவ்வளவு பெருக்கினாலும் ஓர் இரவுக்குப் போதாது. காற்று நகர வேண்டும்.

எட்டுக் கிராம் விசிறி

எண்ணெய் டின்னில் ஒரே ஓர் ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் விட்டுவிட்டு, 'குளுக் குளுக்' என்று விழும். எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டால் சீராக ஒழுகும். கடைக்காரர்கள் அறிந்த இயற்பியல் இது. வெளியே போவதற்கு ஒரு வழி வேண்டுமானால், உள்ளே வருவதற்கும் ஒரு வழி வேண்டும். என் கூட்டில் ஒரே சன்னல்.

இரண்டு திறப்புகளையும் ஒரே உயரத்தில் வைப்பதைவிட, ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைப்பது நல்லது. காரணம் உங்களுக்குத் தெரிந்ததே: சூடான காற்று இலேசானது, மேலே எழும். எவ்வளவு இலேசு? வெளிக்காற்றைவிடக் கூட்டின் காற்று 2 டிகிரி மட்டும் சூடாக இருக்கட்டும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1160 கிராம். தனி வெப்பநிலை 303 கெல்வினில் 2 டிகிரி என்பது நூற்றைம்பதில் ஒரு பங்கு. ஆகவே கன மீட்டருக்கு 8 கிராம் குறையும். இந்த எட்டுக் கிராம்தான் நமக்கு மின்சாரமில்லாத விசிறி. மேலே ஒரு சதுர அடித் திறப்பு, அதற்கு ஒரு மீட்டர் கீழே இன்னொரு சதுர அடித் திறப்பு என்று வைத்துக் கணக்கிட்டால், காற்றே வீசாத இரவிலும் மணிக்கு ஏறத்தாழ 50 கன மீட்டர் காற்று கூட்டின் வழியே ஓடும். அதாவது, என் பழைய கூட்டின் காற்று முழுவதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். கம்பி வலை அடித்தால் ஓட்டம் குறையும்; அதற்கு ஈடாகத் திறப்பை இரட்டிப்பாக்கினால் போயிற்று.

இதைக் கண்ணால் காண ஓர் ஊதுபத்தி போதும். கோழிகள் அடைந்த பின், கீழ்த் திறப்பின் ஓரமாக, கூளத்தில் பொறி விழாதபடி, ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் கூடு மூச்சுவிடுகிறது என்று பொருள். புகை அங்கேயே தயங்கி நின்றால் தச்சரைக் கூப்பிடுங்கள்.

இப்போது பஞ்சாரத்தை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் கீழிருந்து மேல்வரை இடைவெளி. அதற்குள் கோழிகள் ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்கு அரை சதுர அடிகூடத் தேறாது. ஆயினும் வெப்பமும் ஈரமும் நொடியில் வெளியே போய்விடும். இடம் குறைவு, காற்று அதிகம். என் கூட்டிலோ இடம் அதிகம், காற்று இல்லை.

தகரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 1000 வாட் வெயில் விழுகிறது. 16 சதுர அடிக் கூரை ஒன்றரைச் சதுர மீட்டர். எனவே 1500 வாட். 150 கோழிகள் கூரைமேல் ஏறி உட்கார்ந்து சூடேற்றியது போல! அதில் ஒரு பங்கே கீழே வந்தாலும் போதும், அடைக்கும் நேரத்திலேயே பலகையும் தரையும் கனன்றுகொண்டிருக்கும். தென்னங்கீற்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் இடையிடையே காற்று சிக்கிக்கொள்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தகரம்தான் கிடைக்கும் என்றால் மேலே சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் நாலு கீற்றைப் பரப்பிவிடுங்கள்.

நெற்களமும் கோழித் தரையும்

அப்படியானால் சதுர அடிக்கு வேலையே இல்லையா? உண்டு. ஆனால் அது கோழி நிற்பதற்காக அன்று.

ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் எச்சமிடும். அதில் முக்கால் பங்கு நீர். பத்துக் கோழி முழுநாளும் கூட்டிலேயே இருந்தால் ஒரு கிலோ எச்சம், 750 கிராம் நீர். இந்த நீர் தரையிலிருந்து ஆவியாகிப் போகவேண்டும். மூட்டை நெல்லை எவ்வளவு பெரிய களத்தில் காயப்போடுவது என்று எந்த விவசாயியையும் கேளுங்கள். கனமாகக் கொட்டினால் அடிநெல் புழுங்கிவிடும். பரப்பிப் போட்டால்தான் காயும். கோழித் தரையும் இப்படி ஒரு களமே. 16 சதுர அடியில் சதுர அடிக்கு 47 கிராம் நீர் சேரும். 40 சதுர அடியில் 19 கிராம்தான் சேரும். தரைமேல் மூன்று, நான்கு அங்குல உயரம் நெல் உமியோ கடலைத் தோலோ மரத்தூளோ பரப்பினால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மெல்ல வெளியே விடும். கோழிகளே அதைக் கிளறிக் கொடுக்கும். இதனை ஆழ்கூளம் என்பர்.

காயாவிட்டால் என்ன? கோழி எச்சத்தில் வெள்ளையாகக் காணப்படுவது யூரிக் அமிலம். ஈரம் கிடைத்தால் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. பள்ளி ஆய்வகத்தில் அம்மோனியா சீசாவை முகர்ந்து கண்ணில் நீர் வடித்தவர்களுக்கு அதைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்குக்குமேல் அது இருக்கலாகாது என்பது கோழிப் பண்ணைகளில் பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு. அதற்கு மேல் போனால் மூச்சுக்குழாயைத் தூய்மை செய்யும் நுண்ணிய மயிரிழைகள் பழுதாகும். பிறகு சளி நோய்கள் எளிதில் தொற்றும். அளக்கக் கருவி வேண்டாம். உங்கள் மூக்கே போதும். ஆனால் நின்றுகொண்டு முகர்ந்து பயனில்லை. அதிகாலையில் கதவைத் திறந்தவுடன் குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் முகர வேண்டும். கண் எரிந்தால் தரை போதவில்லை, அல்லது கூளம் ஈரம், அல்லது காற்று வரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் பிறப்பித்த ஆணைப்படி, கூண்டில்லாமல் வளர்க்கும் கொட்டகைகளில் சதுர மீட்டருக்கு 9 கோழிகள் வரை வைக்கலாம். நம் கணக்கில் அது கோழிக்கு 1.2 சதுர அடி. என் பழைய கூட்டைவிட நெருக்கம்! அங்கே இது முடிகிறதென்றால், பெரிய விசிறிகளும் எச்சத்தை அள்ளிச் செல்லும் அமைப்புகளும் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கின்றன. நம் கொல்லையில் விசிறி இல்லை. எனவே தரைதான் அந்த வேலையைச் செய்யவேண்டும். பகலெல்லாம் வெளியே மேயும் கோழிகளானால் கோழிக்கு 2 சதுர அடியில் சமாளிக்கலாம். ஆனால் நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை என்று இரண்டு மாதங்கள் இருக்கின்றன. அடைமழையில் நாள்கணக்காகக் கோழிகள் வெளியே போகா, கூளமும் காயாது. கூட்டை அந்த நாட்களுக்காகத் திட்டமிட வேண்டும். அதனால் கோழிக்கு 4 சதுர அடி என்பது என் முடிவு.

உறங்கும் கழியின் கணக்கு தனி. கோழிகள் இரவில் தரையில் படுக்க விரும்புவதில்லை. உயரத்தில் வரிசையாக உட்காரும். ஒன்றுக்கு 8 அங்குலம். பத்துக்கு 80 அங்குலம், அதாவது 6 அடி 8 அங்குலம். நான்கடிக் கூட்டில் எப்படிக் குறுக்கே வைத்தாலும் ஒரு கழியில் ஆறுக்கு மேல் உட்கார முடியாது என்பதை நான் கவனிக்கவேயில்லை. இரண்டு கழி வைப்பதானால் ஒரே உயரத்தில் வையுங்கள். ஒன்றை உயர்த்தினால் மேற்கழிக்குத் தினமும் சண்டை நடக்கும்.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்பதில் கண்டிப்பான வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலறிஞர் ஷெல்டெரூப்-எப்பே சிறுவயது முதலே கோழிகளைக் கவனித்துவந்து, இந்தக் 'கொத்தும் வரிசை'யைப் பற்றி 1922-இல் எழுதி வெளியிட்டார். முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைசிக் கோழியை எல்லாம் கொத்தும். கடைசிக் கோழிக்கு ஓடி ஒதுங்க இடம் இருந்தால் ஒரு கொத்தோடு போய்விடும். ஓட இடமில்லாத மூலையில் அகப்பட்டால் இரத்தம் வரும்வரை நிற்காது. ஆகவே தீவனத் தொட்டியை மூலையில் வைக்காதீர்கள். ஒன்றுக்கு இரண்டாக, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி வைப்பது இன்னும் நல்லது. முட்டையிடும் பெட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. நான்கைந்து கோழிக்கு ஓரடிச் சதுரப் பெட்டி ஒன்று, சற்று இருட்டான பக்கத்தில் இருந்தால் போதும்.

புதிய கூடு

இரண்டாவது கூட்டை வேப்பமரத்தடியில் கட்டினோம். கிழக்கு மேற்காக 8 அடி, தெற்கு வடக்காக 5 அடி. 40 சதுர அடி. திசைக்குக் காரணம் உண்டு. காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்ந்து வந்து கிழக்கு, மேற்குச் சுவர்களில்தான் நேராக விழும். அவை குறுகலாக இருக்கட்டும். நண்பகல் வெயில் நம் ஊர்களில் கோடையில் ஏறக்குறைய தலைக்கு மேலே. மதுரையில் ஏப்ரல் நடுவிலேயே சூரியன் உச்சியைத் தாண்டிவிடுவதால், மே மாத நண்பகலில் உங்கள் நிழல் சிறியதாகத் தெற்கே விழும். ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். இரண்டடி இறங்கிய தாழ்வாரம் இருந்தால் வடக்கு, தெற்குப் பக்கங்களைக் கோடை வெயில் தொடாது.

அந்த இரு நீளப் பக்கங்களிலும் ஒன்றரை அடிக்குச் செங்கல். அதற்கு மேல் கூரைவரை மூன்றரை அடிக்கு அரை அங்குலக் கண் வெல்டு மெஷ். அந்த வலையின் பரப்பு மொத்தம் 56 சதுர அடி. தரையைவிடச் சன்னல் பெரிது. கீரிக்கு அது சுவர், காற்றுக்கு வாசல். சாரல் அடிக்கும் பக்கம் சாக்குப் படுதா தொங்கவிடுகிறோம். மேலே ஒரு சாண் எப்போதும் திறந்தே இருக்கும். நடுவில் 6 அடி உயரம். இது கோழிக்காக அன்று, எனக்காக. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத கூட்டை யாரும் ஒழுங்காகப் பெருக்கமாட்டார்கள்.

மிஞ்சிய ஏழில் இரண்டு அடை காத்தன. குஞ்சுகளில் ஐந்து தேறி, இப்போது பன்னிரண்டு ஆகிவிட்டன. "கழியில பன்னெண்டும் சரியாத்தானே உக்காருது?" என்கிறார் அம்மா. உண்மைதான், 8 அடிக் கழியில் 96 அங்குலம், பன்னிரண்டு கோழிக்கு அளவெடுத்தது போல் இருக்கிறது. தரைக் கணக்கில் மட்டும் பத்துதான். வெயில் காயும்வரை இந்த இரண்டு கோழி வித்தியாசம் ஒன்றும் செய்யாது. ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டை ஊருக்கு அனுப்புவதா, கூட்டை இரண்டடி நீட்டுவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. நான் வரைபடத் தாளில் இரண்டடியை நீட்டி வரைந்து வைத்திருக்கிறேன்.